துக்க நாளில் போன கயாக்

என் தம்பி அரிகரனுக்குக் கடல் ஆகாது. மீனவன் வீட்டில் பிறந்தவனுக்கு இதைவிடக் கேவலம் வேறென்ன என்று எங்கள் குப்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்கள். போட்டில் எஞ்சினைக் கிளப்பி அந்த மண்ணெண்ணெய்ப் புகை மூக்கில் ஏற வேண்டியதுதான், குனிந்து வாந்தி எடுக்க ஆரம்பித்துவிடுவான். "மசக்கைக்காரன் வரான்டா, மாங்கா எடுத்து வைங்கடா" என்று கரையில் கேலி பண்ணுவார்கள். இருபது வயதுப் பிள்ளை, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வந்து படுத்துக்கொள்வான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நல்லவாட்டுக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கிறது எங்கள் குப்பம். பேரை எழுத மாட்டேன். என்ன செய்திருந்தாலும் அது நான் பிறந்து, வாக்கப்பட்டு, இன்னும் குடியிருக்கிற ஊர். நான் இளவரசி. பாகூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறேன். என் வாய்க்குப் பயந்து பேரம் பேசாமல் வாங்கிப் போகிறவர்கள் உண்டு. அந்த வாயால் ஒன்றும் செய்ய முடியாமல் போன கதை இது.

அரிகரனுக்கு ஒரு வழி பிறந்தது கயாக்கால்தான். கயாக் என்றால் ஒருவரோ இருவரோ உட்கார்ந்து துடுப்புப் போடுகிற மெல்லிய பிளாஸ்டிக் படகு. எஞ்சின் கிடையாது, புகை கிடையாது. புதுச்சேரியில் ஒரு கம்பெனிக்காரர் வெளியூர் ஆட்களைக் கூட்டிவந்து இதில் சவாரி விடுகிறார், வழிகாட்ட ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனான். உட்கார்ந்து பார்த்தான். வாந்தி வரவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "அக்கா, எனக்குக் கடல் ஆவும்க்கா! பொகைதான்க்கா ஆவல!" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதித்தான். நான் அழுதேவிட்டேன்.

முதல் நாள் அந்த வெளியூர் விருந்தாளிகளை பாகூர் ஏரிக்கரையில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து வரப்பிலும் பனங்காட்டிலும் நடந்து மணப்பட்டுச் சவுக்குத் தோப்புக்கு வந்து, கூடாரம் போட்டுத் தங்க வேண்டும். மறுநாள் காலையில் கயாக்கில் கடலோரமாக வடக்கே வந்து, சுண்ணாம்பாறு முகத்துவாரத்துக்குள் நுழைந்து, அலையாத்திக் காட்டுக்குள் போய்க் கரையேறுவது. "மனித நடமாட்டமற்ற வனாந்தரப் பயணம்" என்று விளம்பரம் போட்டிருந்தார்கள். வனாந்தரமாம்! நாங்கள் சுள்ளி பொறுக்குகிற தோப்பு அது. ஆனால் அரிகரன் அந்த வேலையைச் செய்கிறதைப் பார்த்தால் சிரிப்பு வராது. அலை உடைகிற இடத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, பெரிய அலைகளைப் போகவிட்டு, கடல் கொஞ்சம் அடங்கினதும் "இப்ப போங்க!" என்று ஒவ்வொரு கயாக்காகத் தள்ளிவிடுவான். அந்த ஜனங்கள் அவனைக் கேப்டன் என்று கூப்பிட்டார்கள். மசக்கைக்காரன் கேப்டன் ஆகிவிட்டான்.

எங்கள் அப்பா நடேசனுக்கு இதில் சந்தோஷம்தான். வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து, முன் அறைக் கட்டிலில் கிடந்தார். அவருக்கு இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆசை. எங்கள் ஊரில் ஒரு சாவு விழுந்தால், மைக்கில் சொல்லிவிடுவார்கள். பிணத்தை எடுக்கிற வரைக்கும் ஒரு போட்டும் கடலில் இறங்காது. ஏழையோ பணக்காரரோ, கைக்குழந்தையோ, எல்லோருக்கும் அதே மரியாதைதான். கடல் நிற்கிறது என்று அதைச் சொல்வோம். அப்பா தன் காலத்தில் அப்படி எத்தனையோ பேருக்காக நின்றவர். இறால் கொட்டுகிற பருவத்தில், பாதி வழியில் சாவுச் செய்தி கேட்டு, வலையை நனைக்காமலே திரும்பி வந்தவர்.

"நா போற அன்னிக்கிக் கடல்ல ஒரு போட்டு இருக்கக்கூடாதுடி இளவரசி. ஊருக்கு நா நின்னேன். ஊரு எனக்கு நிக்கும்" என்பார். வாய் கோணி, எச்சில் வழிய அதைச் சொல்லும்போதுகூட அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருக்கும்.

அதைத்தான் அரிகரன் கெடுத்தான்.

ஊர்த் தலைவர் சிவப்பிரகாசத்தின் தாயார் விருத்தாம்பாள் ஒரு நாள் விடியற்காலையில் இறந்துபோனார். மைக் பேசி முடிக்கிறதற்குள் நான் அரிகரனுக்குப் போன் போட்டேன். அவன் மணப்பட்டுத் தோப்பில் விருந்தாளிகளோடு இருந்தான்.

"டேய், தலைவரு அம்மா பூட்டாங்கடா. இன்னிக்கிக் கடல்ல எறங்காத."

"நா இன்னா மீன் புடிக்கவாக்கா போறேன்? வலை கீதா, எஞ்சின் கீதா?"

"கடலு கடலுதாண்டா. சொன்னாக் கேளு."

"எல்லாரும் ரெடியா நிக்கிறாங்கக்கா. வேன் முன்னாடியே முகத்துவாரத்துக்குப் பூட்ச்சி. நம்ம ஊருகிட்ட கடலுக்குள்ள தள்ளிப் பூடறேன். யாரு கண்ணுலயும் படாது."

"அப்பாவ நெனச்சிப் பாருடா" என்றேன். போன் கட்டாகிவிட்டது. அவன் வைத்தானா, சிக்னல் போயிற்றா, இன்றுவரை தெரியாது.

அவன் கணக்கு இதுதான். கட்டுப்பாடு மீன் தொழிலுக்கு. இது தொழில் இல்லை, விளையாட்டு. வெளியூர்க்காரன் அப்படி நினைத்தால் சரி. எங்கள் வீட்டில் பிறந்தவன் நினைக்கலாமா? கடலில் வாந்தி எடுத்தே வளர்ந்ததால், தன்னை அந்தக் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருக்கிற ஆள் என்று நினைத்துவிட்டானோ என்னவோ. பாவி.

சொன்னபடி ஆழத்தில்தான் போயிருக்கிறான். எங்கள் ஊருக்கு நேராக வரும்போது கிழக்கே இருந்து காற்று பிடித்துக்கொண்டது. கூட வந்த ஒரு பெண் கை ஓய்ந்துபோய்த் துடுப்பை நழுவவிட, அவள் கயாக் கரைப் பக்கம் ஒதுங்க ஆரம்பித்தது. அவளை விட்டுவிட்டுப் போக முடியுமா? எல்லோரையும் திருப்பிக்கொண்டு அவள் பின்னாலேயே வந்தான். கரையில் பந்தல் போட்டிருந்தது. பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். வெடி வைத்தார்கள். பாடைக்குப் பூ கட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்த விருந்தாளிகள் ஏதோ திருவிழா என்று நினைத்துவிட்டார்கள். மஞ்சள் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, வரிசையாகக் கையை ஆட்டினார்கள். ஒருத்தன் விசில் அடித்தான். இன்னொருத்தன் பின்னால் கரை தெரிய, எல்லோரையும் சேர்த்துச் செல்போனில் படம் எடுத்தான். நான் பந்தலுக்குள் மாரில் அடித்துக்கொண்டு அழுகிற பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். அழுகை அப்படியே நின்றுபோயிற்று. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கடலில் என் தம்பி, "கைய எறக்குங்க, கைய எறக்குங்க" என்று கத்துவது எனக்குக் கேட்டது.

அவன் நெட்டில் போட்ட அந்தப் படம் அன்று சாயங்காலமே எல்லோருடைய போனிலும் வந்துவிட்டது. சிரிக்கிற முகங்களுக்குப் பின்னால், பந்தலில் விருத்தாம்பாளின் பிணம். தலைவர் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பெற்ற தாய் ஆயிற்றே.

காரியம் முடிந்ததும் கோயில் வாசலில் பஞ்சாயத்து கூடியது. அரிகரன் கைகட்டி நின்றான்.

"கட்டுப்பாடு மீன் புடிக்கிறதுக்குத்தானே தலைவரே…" என்று இழுத்தான்.

"அன்னிக்கி நீ கடல்ல இருந்தியா, இல்லியா?"

"இருந்தேன்."

"அவ்ளோதான்."

தெண்டம் கட்டச் சொன்னார்கள். காலில் விழச் சொன்னார்கள். விழுந்தான். அதோடு விட்டிருந்தால் நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இனிமே நடேசன் வூட்டு நல்லது கெட்டதுக்கு ஊரு நிக்காது. நிக்கிறவன் வூட்டுக்கும் இதே கதிதான்" என்றார்.

நான் எழுந்துவிட்டேன். "பண்ணது அவன்! படுத்துக் கெடக்கற மனுசன் இன்னா பண்ணாரு? உங்க அப்பா செத்தப்ப கடலுக்குப் போவாம நின்னவருதானே எங்கப்பா?"

"ஒரு வூடுன்னா ஒரு வூடுதாம்மா. நீ வாக்கப்பட்டுப் போனவ, ஒக்காரு."

என் வீட்டுக்காரர் தமிழ்க்குமரன் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அவரும் அதே கரையில் போட்டு வைத்துத் தொழில் செய்கிறவர்தான். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் அப்பாவோடு ஒரே தட்டில் சோறு தின்றவர்கள் இருந்தார்கள். அவர்களும் வேட்டியில் ஒட்டின மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து போனார்கள்.

அதற்குப் பிறகு அரிகரன் கயாக்கைத் தொடவில்லை. மஞ்சள் ஜாக்கெட்டைக் கம்பெனியில் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். நல்லவாட்டில் ஐஸ் பெட்டி தூக்கப் போனான். போகிறபோதும் வருகிறபோதும் தலைவர் வீட்டு வாசலில் நிற்பான். "எனக்கு ஒண்ணும் வாணாம் தலைவரே, எங்கப்பாவுக்கு மட்டும் நில்லுங்க" என்பான். "பாக்கலாம், பாக்கலாம்" என்பார் தலைவர். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நாங்கள் நாளைத் தள்ளினோம்.

அப்பாவிடம் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது? "தம்பி ஏன் சவாரிக்குப் போவல?" என்று கேட்பார். "கடலு சரியில்லப்பா" என்பேன். கேப்டன் என்று கூப்பிடுகிறார்களே, அதைச் சொல்லச் சொல்லிக் கேட்பார். அரிகரன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய கதைகளைப் புதுசு மாதிரி சொல்வான். சொல்லி முடித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் அழுவான். "எனக்கு ஊரு நிக்கும்" என்று அப்பா சொல்லும்போதெல்லாம் நான் "நிக்கும்ப்பா" என்றேன்.

தை மாதத்தில், வானம் வெளுக்கிற நேரத்தில் அப்பா போய்விட்டார். கடல் தட்டையாகக் கிடந்தது. நல்ல மீன்பாடு இருந்த நாட்கள் அவை.

அரிகரன் சட்டைகூடப் போடாமல் தலைவர் வீட்டுக்கு ஓடினான். திரும்பி வந்தவன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"இன்னாடா சொன்னாரு?"

"சொன்னது சொன்னதுதான்னாருக்கா."

மைக் பேசவில்லை. எங்கள் ஊரில் ஒரு மனிதன் செத்து மைக் பேசாத காலையை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பக்கத்து வீட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டைத் தாண்டி ஆட்கள் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள். தலையைக் குனிந்துகொண்டுதான் போனார்கள். ஆனாலும் போனார்கள்.

என் வீட்டுக்காரர் வந்தார். அப்பாவின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நா கரைக்குப் போய்ப் பேசிப் பாத்துட்டு வரேன் இளவரசி. நாலு பேராவது கேப்பானுங்க" என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். மாமனாருக்காக மனுஷன் பேசப் போகிறாரே என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "போங்க, சீக்கிரம் போங்க" என்று நானே அவசரப்படுத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் முதல் எஞ்சின் கிளம்பியது. பிறகு இன்னொன்று. அரிகரன் உள்ளே ஓடிவந்து, அப்பாவின் இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டான். "கேக்கும்க்கா, அப்பாவுக்குக் கேக்கும்க்கா" என்று சின்னப் பிள்ளை மாதிரி கதறினான். மூக்கில் வைக்க எடுத்து வைத்திருந்த பஞ்சைக் கிழித்து, அவன் கையை விலக்கி, அப்பாவின் காதில் வைத்து அழுத்தினேன். போதவில்லை என்று தோன்றியது. இன்னும் கொஞ்சம் வைத்தேன்.

எஞ்சின்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போய்க்கொண்டே இருந்தன. கடைசியாக ஒரு எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. அது என் வீட்டுக்காரருடையது.