கிரைண்டர் கல் ஏறிய புல்லட்

கதிரேசனின் பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. உக்கடம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி "புல்லட் கதிரேசன்" என்றால் போதும், பூக்காரம்மா முதல் டைம் கீப்பர் வரை குளத்துப் பக்கம் கையைக் காட்டுவார்கள். ஊரில் நின்றுபோன பழைய புல்லட்டெல்லாம் கடைசியில் அந்தத் தகரக் கூரைக்குத்தான் வந்து சேரும். வண்டியைக் கழற்றுவதற்கு முன் அவர் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து, கண்ணை மூடிக் கேட்பார். கேட்டுவிட்டு எது கெட்டிருக்கிறது என்று சொல்வார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

அப்படிப்பட்ட மனிதரின் சொந்த வண்டி மலை ஏறவில்லை.

அறுபத்திரண்டாம் வருஷத்து புல்லட் அது. கல்யாணத்துக்கு முன்பு அவினாசி ரோட்டில் அதைப் பறக்கவிடுவதுதான் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை. கல்யாணமானதும் தார்ப்பாய் போட்டு மூடியவர், ஆறு வருஷம் கழித்து, தொண்ணூற்று நாலு பங்குனியில்தான் வெளியே எடுத்தார். அதுவரை கிருத்திகைதோறும் மருதமலைக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த அவரும் மனைவி அன்புச்செல்வியும் அன்றிலிருந்து புல்லட்டில் போனார்கள்.

போனார்கள் என்றால், மூன்றாவது வளைவு வரை. அங்கே வண்டி இருமும், குலுங்கும், நின்றுவிடும். அன்புச்செல்வி தேங்காய்க் கூடையோடு இறங்கி நடப்பாள். ஆள் இறங்கியதும் வண்டி உற்சாகமாக மேலே போய்விடும். இப்படி மூன்று கிருத்திகை ஆயிற்று. மூன்றாவது தடவை, பஞ்சாலையில் வேலை பார்க்கும் அவளுடைய அண்ணன் கருப்புசாமி தன் புது நூறு சிசி வண்டியில் பின்னாலேயே வந்துவிட்டான்.

"ஏனுங் மாப்ள, தங்கச்சி நடந்தே மலையேறறதா வேண்டுதலுங்களா?" என்றான். பிறகு தங்கையிடம், "அடுத்த மாசம் எங்கூட வா கண்ணு. பத்து நிமிசத்துல சன்னதில உட்டர்றேன்."

வீட்டுக்கு வந்ததும் அன்புச்செல்வி கூடையைக் கீழே வைத்தாள். "ஊரு வண்டியெல்லாம் சரி பண்றீங்க. நம்ம வண்டிக்கு மட்டும் ஏனுங்க இந்தப் பொழப்பு? இன்னொரு தடவ பாதி வழில எறங்க வெச்சீங்கன்னா, அப்புறம் எப்பவும் அண்ணன் வண்டிதான். சொல்லிப்போட்டேன்."

சொன்னால் செய்வாள் என்பது கதிரேசனுக்குத் தெரியும். அடுத்த கிருத்திகைக்கு இருபத்தேழு நாள் இருந்தது.

முதலில் கார்புரேட்டரில் கை வைத்தார். வேகத்துக்காகப் போட்டிருந்த பெரிய கார்புரேட்டரைக் கழற்றிவிட்டுப் பழைய சிறியதையே மாட்டினார். தீப்பொறி கொஞ்சம் முன்னதாக விழும்படி வைத்திருந்த டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளினார். குட்டையாக வெட்டியிருந்த சைலன்சருக்குப் பதில் நீளமானதைப் பூட்டினார். சரிபார்க்க ஆள் வேண்டுமே. மனைவியைக் கூப்பிட்டு, நடுவழியில் நின்றுவிட்டால்? எனவே பக்கத்து ஓட்டலில் தேய்ந்துபோய்க் கிடந்த கிரைண்டர் கல் ஒன்றையும் அரிசிச் சிப்பம் ஒன்றையும் பின் சீட்டில் வைத்துக் கட்டினார். அவள் எடைக்கு அது ஏறக்குறைய சரியாக வந்தது.

காலை ஏழு மணிக்கு மலையடிவாரத்தில், டீக்கடை வேலன் அதைப் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க, சாமிக்குக் கல்லு நேர்ந்துட்டீங்களா?"

"இல்லீங்க. இது எங்கூட்டு அம்மணி."

மூன்றாவது வளைவில் வண்டி நின்றது. முன்பைவிட நாலடி தள்ளி நின்றது, அவ்வளவுதான்.

கதிரேசன் அங்கேயே வண்டியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். கொடுமுடிப் பக்கம் மஞ்சள் காட்டில் கூலிக்குப் போன அப்பாவோடு சின்ன வயதில் அவர் பார்த்த ஆயில் இன்ஜின் நினைவுக்கு வந்தது. டொக்… டொக்… என்று சாவகாசமாக ஓடும். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே ஒரு வாய் தண்ணீர் குடித்துவிடலாம். ஆனாலும் நிற்காது. பக்கவாட்டில் இருந்த அந்தப் பெரிய இரும்புச் சக்கரத்தின் கனம் அதை நிற்க விடாது.

உடனே எழுந்துவிட்டார். நேரே கணபதிப் பகுதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் நரசிம்மலுவிடம் போனார்.

"நரசிம்மலு, எட்டு வருசத்துக்கு முன்னாடி என் இன்ஜினுக்குள்ள சுத்தற ஃப்ளைவீல் சக்கரத்துல எவ்வளவு இரும்பக் கழிச்ச?"

"நீதானப்பா பக்கத்துல நின்னுட்டு இன்னும் கழி, இன்னும் கழின்ன. சுண்டுன உடனே பறக்கோணும்னியே."

"திருப்பி ஒட்ட முடியுமா?"

"முடி வெட்டறவன்கிட்டப் போயி வெட்டுன முடியக் கேப்பியா நீயி?"

வண்டி பறக்க வேண்டும் என்று தானே கேட்டுக் கழித்த இரும்பு அது. யாரைக் குறை சொல்வது? அடுத்த பத்து நாளும் உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளைச் சலித்தார். கடைசியில், உடைத்துப்போட்ட ஒரு வண்டியின் வயிற்றில் லேத் முகமே பார்க்காத ஒரு ஜோடி ஃப்ளைவீல் கிடைத்தது. நரசிம்மலு அதைச் சமன் பார்த்துக் கோத்துக் கொடுத்தார். இன்ஜினை மூடி உதைத்ததும் கதிரேசன் கண்ணை மூடினார். ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போகலாம்.

மறுநாள் கல்லும் சிப்பமும் மலையுச்சிக்குப் போய்க் கும்பிட்டுவிட்டுத் திரும்பின.

கிருத்திகையன்று அடிவாரத்தில் பூ வாங்க நிறுத்தியபோது வேலன் கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "இன்னைக்குக் கல்லு வர்லீங்களா?"

"என்ன கல்லு?" என்றாள் அன்புச்செல்வி.

"கிரைண்டர் கல்லுங்கம்மணி. ரெண்டு தடவ கட்டிட்டு வந்தாருங்க. கேட்டா, இதுதான் எங்கூட்டு அம்மணின்னாரு."

அன்புச்செல்வி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். கதிரேசன் பெட்ரோல் டேங்கைத் துடைக்கத் தொடங்கினார். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

"ஊட்டுக்கு வாங்க, பேசிக்கறேன்" என்று ஏறி உட்கார்ந்தாள்.

முதல் வளைவு போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவதில், மேலே போய்க்கொண்டிருந்த பஸ் எதிரே வந்த வேனுக்கு வழிவிட நின்றுவிட்டது. செங்குத்தான இடம். புல்லட்டும் நின்றாக வேண்டும். இப்படிச் சுத்தமாக நின்று கிளம்புவதைக் கல்லை வைத்துக் கதிரேசன் ஒரு தடவைகூடச் செய்து பார்க்கவில்லை. பின்னால் ஹாரன் கேட்டது. கருப்புசாமிதான்.

"மாப்ள, எறக்கி உட்ருங்க, நா ஏத்திக்கறேன்!"

அன்புச்செல்வி கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு காலைக் கீழே நீட்டினாள்.

"உக்காரு" என்றார் கதிரேசன். "கால எடுத்து மேல வெய்யி."

பஸ் நகர்ந்தது. அவர் ஆக்சிலரேட்டரை முறுக்கவில்லை. ஆயில் இன்ஜின் ஓடும் அளவுக்குத்தான் கொடுத்து, கிளட்சை மெல்ல மெல்ல விட்டார். டொக் என்றது. ஒரு கணம் ஒன்றும் இல்லை. மறுபடி டொக். மூன்றாவது அடியில் பின்சக்கரம் ரோட்டைப் பிடித்தது. வண்டி இருமவில்லை, குலுங்கவில்லை. நடக்கிற வேகத்தில் வளைவைத் திரும்பி, பஸ்ஸின் பின்னாலேயே ஏறியது. நீட்டிய கால் எப்போது மேலே போனது என்று அன்புச்செல்விக்கே தெரியவில்லை. தோளைப் பிடித்திருந்த அவள் கை கொஞ்சம் இறுகியது மட்டும் கதிரேசனுக்குத் தெரிந்தது.

மேலே வண்டி நிறுத்துமிடத்தில் கருப்புசாமி அவர்களுக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தான். "வண்டிய மாத்திட்டீங்களா மாப்ள?" என்று இன்ஜினைக் குனிந்து பார்த்தான்.

"அதே வண்டிதானுங்க மச்சான். கொஞ்சம் கனம் கூட்டியிருக்கு."

அன்புச்செல்வி இன்னும் இறங்கவில்லை. கூடையைக் கணவன் கையில் கொடுத்தாள். கொசுவத்தைச் சரிசெய்துகொண்டாள். பிறகு அண்ணன் காதிலும் விழும்படி சொன்னாள்:

"கல்லு எறங்குதுங்க. வண்டியக் கெட்டியாப் புடிச்சுக்குங்க."