குதிரைக்குப் போன தொப்பி

எந்தப் பொருளானாலும் கண்ணாலேயே அளந்து அதற்கேற்ற பெட்டியைச் சொல்லிவிடுவான் என்பதால், கிடங்கில் அவனுக்கு 'அளவுகோல்' என்று பெயர். மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு பிரிந்து போய் மூன்று வருடமாகிறது. ஐந்தாவது பிறந்தநாளுக்கு ஒரு பகல் மட்டும் மகளை அனுப்பச் சம்மதித்திருந்தாள். "கவ்பாய் பார்ட்டி வேணும்ப்பா" என்று போனில் மகளின் உத்தரவும் வந்துவிட்டது.

பழைய அட்டைப்பெட்டிகளை வெட்டி ஒட்டி, பத்து நாளில் ஒரு குதிரையே செய்துவிட்டான்.

"வயித்துல 'கவனமாகக் கையாளவும்'னு போட்டிருக்கே, உதைக்குமாடா?" என்று கூட வேலை செய்பவன் சீண்டினான்.

"என் பொண்ணு ஏறினா உதைக்காது. நீ தள்ளி நில்லு."

தொப்பிக்குத்தான் தலையளவு தேவைப்பட்டது. மனைவியைக் கேட்டால், பெத்த பொண்ணோட தலைகூடத் தெரியலையா என்பாள். அதனால் கட்டிலடியில் கிடந்த மகளின் பழைய தலைப்பட்டையை வைத்தே வெட்டினான்.

ஞாயிறு காலை மகள் வந்தாள். தொப்பி அவள் உச்சந்தலையில் டப்பா மூடிபோல் உட்கார்ந்தது.

"இது பொம்மைக்காப்பா?"

"குதிரைக்குடா தங்கம். உன்னோடதை இனிமேதான் செய்யணும்" என்று அதை எடுத்துக் குதிரைக்கு மாட்டினான்.

பிறகு கட்டு நூலை அவள் தலையைச் சுற்றிப் பிடித்தான். பட்டையைவிட இரண்டு விரற்கடை கூடுதல். அந்த இரண்டு விரற்கடையும் அவன் பார்க்காமலே வளர்ந்தவை.

"அளந்தாச்சாப்பா? கூசுது."

"இரு கண்ணு, இன்னும் கொஞ்சம்" என்றான். அளந்து முடித்திருந்தான். நூலைத்தான் எடுக்கவில்லை.