நான் கேட்காமல் விட்ட நான்கு எண்கள்

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, கொழும்பு வெள்ளவத்தை. போரால் யாழ்ப்பாணப் பாதை மூடிக்கிடந்த காலம். ஊருக்குப் போவதென்றால் விமானம், இல்லாவிட்டால் கப்பல். இரண்டுக்கும் முதலில் பாதுகாப்பு அனுமதி எடுக்க வேண்டும். காலி வீதியில் ஒரு பயண முகவர் நிலையத்தில் நான் கம்பியூட்டர் பார்க்கும் வேலையில் இருந்தேன். கம்பியூட்டர் பார்ப்பது என்றால் எல்லாம் பார்ப்பதுதான். மின்விசிறி சுற்றாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

எங்களுக்குக் கொட்டாஞ்சேனையிலும் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் கிளைகள் இருந்தன. எல்லா இடத்திலிருந்தும் பயணிகளின் பெயரை இணையம் வழியாக ஒரே பட்டியலில் ஏற்ற ஒரு சேவையை நான் எழுதிக் கொடுத்திருந்தேன். அது எங்கள் அலுவலகத்து அலுமாரிக்குள் இருந்த பழைய இயந்திரம் ஒன்றில் ஓடியது. கரண்ட் போனால் பட்டியலும் போய்விடும். முதலாளியிடம் ஒரு வருடம் கெஞ்சி, வெளியே ஒரு நல்ல இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக இருந்து சேவையை அங்கே மாற்றினேன். கூப்பிடும் பெயர் பழையதுதான், அதற்குப் பின்னால் இருந்த எண் மட்டும் புதிது. பழைய இயந்திரத்தில் சேவையை மட்டும் நிறுத்தினேன், இயந்திரத்தை நிறுத்தவில்லை. மின்னஞ்சல் இன்னும் அதில்தான் ஓடியது.

அதே கிழமை நானும் இடம் மாறியிருந்தேன். வெள்ளவத்தை லொட்ஜை விட்டு, தெஹிவளையில் நண்பர்களோடு ஒரு பிளட்டுக்குப் போய்விட்டேன். வெளியூரிலிருந்து வந்து கொழும்பில் தங்கும் தமிழர் எந்த வீட்டில் இருக்கிறாரோ அந்த முகவரியைப் பொலிஸில் பதிய வேண்டும். சேவை மாறியதை மூன்று கிளைக்கும் சொன்ன எனக்கு, நான் மாறியதைப் பொலிஸில் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று இருந்தேன்.

திங்கள் காலை எங்கள் வெள்ளவத்தை வேலை செய்தது, யாழ்ப்பாணம் வேலை செய்தது, திருகோணமலை வேலை செய்தது. ஒன்பதரைக்குக் கொட்டாஞ்சேனை அக்கா கூப்பிட்டார். அந்தக் கிளையை நடத்துபவர் அவர்தான். ஐம்பதை நெருங்கியவர், அந்தோனியார் கோயிலுக்குப் போகாமல் செவ்வாய்க்கிழமை வேலைக்கு வரமாட்டார். எதையும் கொப்பியில் எழுதிவைக்கும் பழக்கம் உள்ளவர்.

"தம்பி, இணைப்பு கிடைக்கலன்னு சொல்லுது. இங்க ஒரு அம்மா உக்காந்திருக்காங்க. நாளைக்கு பிளைட்ல அவங்க பேர் போகணும்."

அந்த அம்மா கண் வைத்தியத்துக்காகக் கொழும்புக்கு வந்தவர். திரும்பிப் போக அனுமதி கிடைக்க ஒரு மாதம் போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் மகளுக்கு அந்தக் கிழமை பிரசவம், பக்கத்தில் வேறு யாரும் இல்லை. பகல் மூன்று மணிக்குள் பெயர் பட்டியலில் ஏறாவிட்டால் இருக்கை வேறு ஆளுக்குப் போய்விடும். அடுத்த இருக்கைக்கு இன்னும் இரண்டு கிழமை, பதினான்கு நாள், காத்திருக்க வேண்டும். வெள்ளவத்தையிலிருந்து நான் ஏற்றிவிடலாமே என்று கேட்பீர்கள். முடியாது. ஒரு கிளையின் இருக்கையை இன்னொரு கிளை தொடக்கூடாது என்று சேவையை எழுதியவனே நான்தான். கெட்டிக்காரத்தனம் என்று அப்போது நினைத்தேன்.

எனக்குத் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. மூன்று இடத்தில் ஓடுவது நான்காவது இடத்தில் ஏன் ஓடாது? ரவுட்டரை நிறுத்திப் போடச் சொன்னேன். மூன்று தரம் போட்டார். மற்ற இணையப் பக்கங்கள் திறக்கின்றனவா என்றேன். திறந்தன. கடைசியில், எங்கள் இயந்திரத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கும் ஒரு கட்டளையை எழுத்து எழுத்தாகச் சொல்லி அடிக்க வைத்தேன். மறுமுனை உயிரோடு இருந்தால் பதில் வரும், பதிலோடு அதன் எண்ணும், புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்களாக, வரும்.

"பதில் வருது தம்பி. நம்பர் வாசிக்கிறேன், இரு..."

"வேண்டாமக்கா, பதில் வருதெண்டால் போதும்."

"நாலு நம்பர்தானே, எழுதிக்க."

"போதும் அக்கா. லைனிலதான் பிழை."

இப்படி வெட்டிவிட்டுத் தொலைபேசிக் கம்பனியோடு ஒன்றரை மணித்தியாலம் சண்டை பிடித்தேன். லைனில் ஒரு பிழையும் இல்லை என்றார்கள். பதிலும் வருகிறது, இணைப்பும் இல்லை. ஆள் வீட்டில் இருக்கிறார், கதவைத் திறக்கிறார் இல்லை. பன்னிரண்டரைக்கு, நேரிலே போய்ப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன். புதிய இயந்திரத்தின் எண்ணை ஒரு துண்டுத்தாளில் எழுதிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

கோட்டைக்குக் கிட்ட சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். என்னுடைய அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரி. பொலிஸ் பதிவில் வெள்ளவத்தை லொட்ஜ். "தென் கொஹெத இன்னே?" என்று சார்ஜன்ட் கேட்டார். இப்போது எங்கே இருக்கிறாய் என்கிறார். தெஹிவளை என்று உண்மையைச் சொன்னேன். ஒரு மனிதனுக்கு மூன்று முகவரி. பஸ் போய்விட்டது, நான் நின்றேன்.

பிறகு சட்டைப் பையைத் துழாவினார்கள். துண்டுத்தாள் வந்தது. பெயர் இல்லை, விவரம் இல்லை, நான்கு எண்களும் நடுவில் புள்ளிகளும். ரெலிபோன் நம்பரா என்று சார்ஜன்ட் கேட்டார். இல்லை. வங்கி நம்பரா? இல்லை. அப்படியென்றால் என்ன? கடையில் பாண் வாங்கவும் பஸ்ஸில் இடம் கேட்கவும் போதுமான சிங்களம்தான் எனக்குத் தெரியும். இணையச் சேவையை இடம் மாற்றிய கதையை அதில் எப்படிச் சொல்வது? "கம்பியூட்டர், கம்பியூட்டர்" என்று மட்டும் திருப்பித் திருப்பிச் சொன்னேன். எனக்கே அது பொய் போலக் கேட்டது. அந்த நாட்களில் இதைவிடச் சின்ன விஷயத்துக்கு உள்ளே போனவர்களை எனக்குத் தெரியும்.

சார்ஜன்ட் என் பதிவிலிருந்த லொட்ஜ் இலக்கத்துக்குப் போன் பண்ணினார். உடனே யாரோ எடுத்தார்கள். சார்ஜன்ட் கேட்டார், கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அங்கே ஆள் எடுக்கிறான், ஆனால் நீ அங்கே இல்லை என்கிறானே என்றார்.

பயத்தின் நடுவே எனக்கு ஒன்று உறைத்தது. கொட்டாஞ்சேனைக்குப் பதில் சொல்வது யார்? பழைய இயந்திரம் இன்னும் அலுமாரிக்குள் உயிரோடுதானே இருக்கிறது?

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. அக்கா. எடு என்று சார்ஜன்ட் கைகாட்டினார்.

"அக்கா, காலமை அந்த நம்பர் எழுதினனீங்களோ?"

"கொப்பில இருக்கு தம்பி. நான் சொல்லத்தான பார்த்தேன்."

வாசித்தார். அத்தனையும் பழைய இயந்திரத்தின் எண். அப்போதுதான் ஞாபகம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் கொட்டாஞ்சேனை லைன் படு மோசமாக இருந்தபோது, பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடிக்கொண்டு வரவே அதற்கு நேரம் எடுத்தது. எந்தப் பெயருக்கு எந்த எண் என்று எழுதிவைக்க ஒவ்வொரு கம்பியூட்டருக்குள்ளும் ஒரு சின்னக் கோப்பு உண்டு. அதில் எழுதிவிட்டால் அது வெளியே யாரிடமும் விசாரிக்காது. அக்காவின் கம்பியூட்டரில் அன்றைய எண்ணை நானே என் கையால் எழுதிவிட்டு மறந்துபோயிருந்தேன்.

நேரம் இரண்டு இருபது. இனிக் கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேர முடியாது. கோப்பு எங்கே இருக்கிறது, எப்படித் திறப்பது என்று சொல்லிக்கொண்டு போனேன். அக்கா திறந்துவிட்டார். "பழைய நம்பரை அழியுங்கோ. இனி நான் சொல்லுறதை அடியுங்கோ" என்று தொடங்கியதும் சார்ஜன்ட் போனைப் பறித்தார். சோதனைச் சாவடியில் பிடிபட்டு நிற்கிற ஒருவன் தமிழில் யாருக்கோ ரகசிய நம்பர் சொல்கிறான். அவர் இடத்தில் நானாக இருந்தாலும் பறித்திருப்பேன்.

அவர் அதட்டலாகத்தான் தொடங்கினார். மறுமுனையில் அக்கா என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. கொட்டாஞ்சேனையிலே பிறந்து வளர்ந்தவருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. சார்ஜன்ட்டின் குரல் மெல்லத் தணிந்தது. இடையில் ஒரு முறை பேச்சை நிறுத்தி வேறு யாரோ கதைப்பதைக் கேட்டார். அந்த அம்மாவிடமே அக்கா போனைக் கொடுத்தாராம். அம்மா தமிழில் அழுதாராம். சார்ஜன்ட்டுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது.

பிறகு அவர் துண்டுத்தாளை வெளிச்சத்தில் பிடித்தார். "தெகய், பிந்துவய், துனய், தித..." இரண்டு, பூச்சியம், மூன்று, புள்ளி என்று ஒவ்வோர் இலக்கமாக, புள்ளியையும் விடாமல், அக்காவுக்கு வாசித்தார். முடிந்ததும் சரிபார்க்க இன்னொரு முறை முதலிலிருந்து வாசித்தார். நான் பக்கத்தில் மடையனைப் போல நின்றேன்.

போன் என் கைக்கு வந்தது. "கனெக்ட் ஆகிட்டுது தம்பி. அம்மாட பேர் ஏத்திட்டேன்" என்றார் அக்கா. மணி இரண்டு ஐம்பது.

சார்ஜன்ட் சிரிக்கவில்லை. தாளைத் திருப்பித் தரவுமில்லை. என் பெயரையும் தெஹிவளை முகவரியையும் எழுதிக்கொண்டு, நாளைக்கே புதிய இடத்தைப் பதிய வேண்டும், இல்லாவிட்டால் தேடி வருவேன் என்றார். "யன்ன மல்லி", போ தம்பி, என்று அனுப்பினார். அடுத்த நாள் பொலிஸ் நிலையம் திறக்கும்போது வாசலில் முதல் ஆளாக நின்றேன். அந்த நேரம் அந்த அம்மா விமானத்தில் இருந்திருப்பார். நான்கு நாள் கழித்து, பெண்பிள்ளை என்று அக்கா போன் பண்ணிச் சொன்னார்.

என்னை உள்ளே அனுப்ப எல்லாக் காரணமும் கையில் இருந்தும் அந்த மனிதர் ஏன் அப்படிச் செய்தார் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. எந்தப் பிழையைத் தேடப் போனாலும் இப்போது முதலில் பேனாவை எடுத்துக்கொள்கிறேன், எதிரில் இருப்பவர் வாசித்து முடிக்கும்வரை வாயைத் திறப்பதில்லை. என்னை நம்பிய அக்கா வாசிக்க வந்த நான்கு எண்களை நான் கேட்க மறுத்தேன். என்னைச் சந்தேகித்த மனிதர் அதே போல நான்கு எண்களைப் பொறுமையாக இரண்டு தரம் வாசித்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.