டீச்சருக்குத் தொண்டை கட்டிய மாதம்

ஒன்றாம் வகுப்பு டீச்சர் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியே பாதி ஆயுளைக் கழித்தவர். கடைசியில் தொண்டையே கையை விரித்துவிட்டது. உள்ளே சின்னதாக ஒரு கட்டி, ஒரு மாதம் வாயைத் திறக்கக் கூடாது என்றார் டாக்டர். தலைமையாசிரியையோ, மாற்று ஆள் இல்லை, சும்மா வந்து உட்கார்ந்தால் போதும் என்றார். ஒன்றாம் வகுப்பில் சும்மா உட்கார முடியாது என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது.

அந்த வகுப்பில் 'சரியாக்கா' என்று பட்டப்பெயர் வாங்கிய ஒரு சிறுமி இருந்தாள். ஓர் எழுத்து எழுதுவாள், சிலேட்டோடு ஓடி வந்து, "சரியா டீச்சர்?" என்பாள். சரி என்றால்தான் அடுத்த எழுத்து.

டீச்சர் இப்போது தலையைக்கூட ஆட்டவில்லை. ஆட்டினால் அடுத்த நிமிஷமே வந்து நிற்பாள். அவ்வளவு அலுப்பு. கரும்பலகையைக் காட்டினார், சிலேட்டைக் காட்டினார், போ என்று கையசைத்தார். சிறுமி அழுதுகொண்டே போனாள். மறுநாளும் அதே கதை. டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. எழுந்து போய்ச் சமாதானம் செய்யவும் தெம்பில்லை.

வாரக் கடைசியில் அவள் பாதி வழியிலேயே நின்றுவிட்டாள். கரும்பலகையைப் பார்த்தாள், சிலேட்டைப் பார்த்தாள்.

"அங்க வால் இருக்கு. என்னோடதுல காணோம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, எச்சில் தொட்டு அழித்தாள்.

அந்த முணுமுணுப்பு பெஞ்சு பெஞ்சாகத் தொற்றியது. டீச்சர் பேசாத வகுப்பில் இவ்வளவு சத்தமா என்று தலைமையாசிரியை வந்து கடிந்துகொண்டார். கனவு கண்ட ஊமை மாதிரி டீச்சர் விழித்தார்.

குரல் கரகரப்பாகத் திரும்பி வந்த அன்று, சரியாக்காவின் சிலேட்டில் ஒரு தப்பைப் பார்த்து வாயைத் திறந்தார். அவள் சட்டென்று சிலேட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இருங்க டீச்சர். நானே பாக்கறேன்."

டீச்சர் வாயை மூடிக்கொண்டார். கொஞ்சம் சந்தோஷம், கொஞ்சம் வெறுமை.

அடுத்த வருஷம் புதுப் பிள்ளைகள் சிலேட்டோடு வரிசை கட்டினார்கள். 'சரி' என்றால் வேலை முடிந்தது. "நீயே பாரேன்" என்றால், பிள்ளை தப்பைக் கண்டுபிடிக்கும்வரை பக்கத்தில் நின்று காத்திருக்க வேண்டும். நிற்க நிற்க இடுப்பு கழன்றுபோகும். காலையில் காத்திருப்பார். மத்தியானத்துக்கு மேல் பல நாள், "சரி சரி, போ" என்று அனுப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்வார்.