குழாயில் காற்றுதான் வருது

தண்ணீர் வருகிற நாளில் எங்களை யாருக்கும் ஞாபகம் இருக்காது. வராத நாளில் எங்கள் ஆபீசுக்கு வழி தெரியாதவரே கிடையாது. புனேயில் விமான் நகர்ப் பக்கம் அடுக்குமாடிகள் முளைத்துக்கொண்டிருந்த தொண்ணூறுகளில், அந்தப் பகுதித் தண்ணீர் விநியோகத்துக்கு நான் ஜூனியர் இன்ஜினியர். பொதுமக்களிடம் திட்டு வாங்கிச் சம்பாதிக்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

மொழிப் பற்று

ஒருநாள் காலை போனில் ஓர் அம்மாள். "நல் மே... சிர்ஃப் ஹவா, மேடம்ஜி" என்று, குழாயில் காற்றுதான் வருவதைத் தட்டுத்தடுமாறி இந்தியில் சொன்னவர், பக்கத்திலிருந்த கணவரிடம், "ஏனுங்க, வாளிக்கு இந்தில என்னங்க?" என்று கேட்டது எனக்கும் கேட்டது. "வாளின்னே சொல்லுங்கம்மா, புரியும்" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரே சந்தோஷம். கோயம்புத்தூரிலிருந்து புதிதாகக் குடிவந்தவர்களாம். கரண்ட் இல்லாமல் பம்ப் நின்றிருக்கிறது, எல்லோருக்கும் சாயங்காலம்தான் தண்ணீர் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நம்மூர்ப் பொண்ணு நீ. எங்க பில்டிங்குக்கு மட்டும் இப்பவே தொறந்து விட்டுரு கண்ணு, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்!"

கிணறும் காரும்

ஒரு காலனி நடுவில் பழைய கிணறு இருந்தது. அதை மண் போட்டு மூடிக் கார் நிறுத்தலாம் என்று காலனிச் சங்கத்தின் சேர்மன் குல்கர்ணி துடித்தார். கூட்டத்துக்கே போய் மன்றாடித் தடுத்தேன். அதிலிருந்து அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அப்புறம் மழை பொய்த்த ஒரு வருஷம், லாரித் தண்ணீருக்கும் அடிதடி. அந்தக் கிணற்றைத் தூர்வாரினோம். அடியில் ஊற்று கண் திறந்ததும் சுற்றி நின்ற பெண்கள் கைதட்டினார்கள். பூஜை போட்டுத் தேங்காய் உடைத்த குல்கர்ணி, மைக்கைப் பிடித்து என்னைக் காட்டி மராட்டியில் சொன்னார்: "கிணற்றை மூடக் கூடாது என்று இந்த மேடத்துக்கே நான்தான் புரியவைத்தேன்!"

மூத்த மாப்பிள்ளை

கட்டடத்துக்குப் பள்ளம் தோண்டிய இயந்திரம் பெரிய குழாயை உடைத்துவிட்டது. நாங்கள் அடைத்துக்கொண்டிருந்தபோது தலைப்பாகையோடு ஒருவர் ஓடிவந்தார். பக்கத்து மண்டபத்தில் அவர் மகளுக்குக் கல்யாணம். சமையல் பாதியில் நிற்கிறது. பேச ஆரம்பித்தவர் அழுதேவிட்டார்.

ஒரு டேங்கரைப் பிடித்து, டிரைவர் பக்கத்தில் நானே ஏறிக்கொண்டேன். திருப்பத்தில் அதே கல்யாணத்தின் மாப்பிள்ளை ஊர்வலம் மறித்தது. நாங்கள் ஹாரன் அடிக்க அடிக்க, அதையும் பேண்டோடு சேர்த்துக்கொண்டு ஆடினார்கள். இறங்கி ஓடி, குதிரைமேல் இருந்த மாப்பிள்ளையிடம் விஷயத்தைக் கத்தினேன். அவர் கையைத் தூக்கி பேண்டை நிறுத்தினார்; கூட்டம் விலகியது. டேங்கர் முன்னால் போக, ஊர்வலம் பின்னால் வந்தது.

மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்ணின் அம்மா, டேங்கரைக் கண்டதும் கண்ணீரும் சிரிப்புமாக அதற்கே சுற்றிப் பொட்டும் வைக்கத் தொடங்கினார். குதிரையிலிருந்து இறங்கிய மாப்பிள்ளை பின்னால் காத்திருந்தார். அந்த அம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "கொஞ்சம் பொறுங்கள், மூத்த மாப்பிள்ளைக்கு எடுத்துவிட்டு வருகிறேன்!"

இத்தனை வருஷத்தில் நான் தெரிந்துகொண்டது, குழாயில் தண்ணீர் வந்தால் அது வருண பகவான் கொடுத்தது, வராவிட்டால் நான் நிறுத்தியது.