மெல்லிய இடத்தை அளந்தவர்

ஞாயிறு காலை எங்கள் பழைய பைப் ஃபிற்றர் தவம் தொலைபேசியில் அழைத்தார். "சேர், நம்மட ரொசலின் அக்கா போயிற்றாங்க. பின்னேரம் அடக்கம்."

நாவற்குடாவில் எங்கள் குடிநீர் வேலைகளுக்கான களஞ்சியம் அவர் பொறுப்பில் இருந்தது. போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்த பறங்கியர் வீட்டுப் பெண். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அவரிடம் ஒரு பைப் வாங்குவதைவிடப் பெண் கேட்டுப் போவது சுலபம் என்று நாம் கேலி செய்தது, அன்று கூட வேலை செய்த உங்களுக்கும் நினைவிருக்கும். புதுக் குழாய்கள் வந்து இறங்கினால் ஒரு துண்டு வெட்டி, அதன் தடிப்பைச் சுற்றிவர எட்டு இடத்தில் அளப்பார். ஆகக் குறைந்ததை மட்டும் சிவப்பு மையால் எழுதுவார். நானோ எட்டையும் கூட்டிச் சராசரி எடுத்து, குழாய் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று கணக்குப் போடுவேன். படித்த திமிர்.

"பைப் சராசரியில வெடிக்கிறதில்ல சேர், மெல்லிசான இடத்திலதான் வெடிக்கும்" என்பார்.

தன்னாமுனையில் ஒரு புதுக் குழாய் வரிசையைச் சோதிக்க வேண்டியிருந்தது. மறுநாள் திறப்பு. தண்ணீர் கொண்டுவரும் பௌசர் லொறி வரத் தாமதமானதால், டயர் கடையிலிருந்து கம்ப்ரசர் எடுப்பித்தேன். காற்றை அடித்துப் பார்த்தால் போதும் என்பது என் எண்ணம். குழாய்களை இணைக்கும் மூட்டுகள் கொடுக்க வந்த ரொசலின் அக்கா அதைக் கண்டதும், போய்க் கம்ப்ரசர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, இஞ்ச இஞ்சினியர் நீங்களா, நானா?" என்று கத்தினேன்.

"நீங்கதான் சேர். அதாலதான் கசிவு பாக்கிறதுக்கு உங்கட முகம் பைப்புக்குக் கிட்டப் போகப்போகுது. தண்ணி எண்டா, வெடிச்சா நனைவம். காத்து எண்டா, துண்டு துண்டாப் பறந்து வந்து குத்தும்."

பௌசர் வரும்வரை அவர் எழும்பவே இல்லை.

தண்ணீர் நிரப்பிக் கைப்பம்பால் அழுத்தத்தை ஏற்றினோம். நான் ஒரு மூட்டருகே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணக்கில் வந்த அளவை அழுத்தமானியின் முள் தொடுவதற்கு வெகு முன்பே படாரென்று குழாய் பிளந்தது. தலை முதல் கால் வரை நனைந்தேன். உள்ளே இருந்தது தண்ணீர் என்பதால் அவ்வளவுதான் நடந்தது. பிளந்த துண்டை எடுத்து அளந்தோம். ஒரு பக்கம் மெல்லிசு, சிவப்பு மையில் அவர் எழுதியிருந்த அதே அளவு.

திறப்பு நான்கு நாள் தள்ளிப்போனது. ரொசலின் அக்கா ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. துவாயை நீட்டி, "தலையைத் துடைங்க சேர், தடிமன் பிடிக்கும்" என்றார். நன்றி என்று சொல்ல எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. "எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, நத்தார் பண்டிகைக் கேக்கில் பெரிய துண்டாக வெட்டித் தந்தார்.

இப்போதும் கையெழுத்துப் போடுமுன் ஆகக் குறைந்த எண்ணைத்தான் தேடுகிறேன். அந்தப் பழக்கம் அவர் தந்தது. அடக்கத்தன்று பெட்டிக்குள் அவர் முகத்தைக் குனிந்து பார்த்த இந்த இரண்டு கண்களும் அவர் தந்தவைதான்.