கடலுக்குள் இருந்த வீட்டு மண்

போன மாசி மாதம் நடந்தது இது. புதுச்சேரியில் போர் நினைவுச் சின்னம் ஒன்று கட்டும் வேலையில் நான் சைட் இன்ஜினீயர். நாட்டுக்காக உயிர் கொடுத்த நம் பகுதி வீரர்கள் ஒவ்வொருவருடைய வீட்டிலிருந்தும் ஒரு பிடி மண் எடுத்து, சிறு கலயங்களில் அடித்தளத்தில் வைத்து, அதற்கு மேல் கான்கிரீட் போட வேண்டும் என்று முன்னாள் ராணுவத்தினர் முடிவு செய்திருந்தார்கள். கான்கிரீட் போடும் நாள் காலையில் பார்த்தால் ஒரு கலயம் மட்டும் காலி. கடலோரக் கனகசெட்டிக்குளத்து வீரருடையது. பதினொரு மணிக்குக் கலவை லாரி வந்துவிடும், வந்தால் காத்திருக்காது. கலயத்தை எடுத்துக்கொண்டு பைக்கில் பறந்தேன்.

அந்த வீரரின் மனைவி மீன் வியாபாரம் செய்பவர். வாசலில் கூடை கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லிக்கொண்டே, நேரமாகிறதே என்று அங்கேயே குனிந்து ஒரு பிடி அள்ளிவிட்டேன். மண்தானே, எங்கே அள்ளினால் என்ன? என் புத்தி அவ்வளவுதான்.

“அதக் கொட்டிடுங்க சார். இது வாடக வூடு. அவரு இங்க இருந்ததே இல்ல.”

“அப்ப உங்க சொந்த வீடு எங்கக்கா?”

கடலைக் காட்டினார். அலை அரித்து அரித்து, கணவர் இறந்த இரண்டாம் வருடம் வீடு மொத்தமும் கடலுக்குள் போய்விட்டதாம். எனக்கு வெட்கமாகிவிட்டது. கையில் இருந்ததைக் கொட்டினேன். ஆனால் காலிக் கலயத்தோடு எப்படித் திரும்புவது?

அதற்குள், பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவருடைய கொழுந்தனார் பைபர் படகைத் தள்ளத் தொடங்கியிருந்தார். “ஏறுங்க சார், எடுத்துட்டு வந்துடலாம்” என்றார், என்னவோ கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வருவது போல. நீச்சல் தெரியாத நானும் ஏறிவிட்டேன்.

அக்கா கரையோரமாக வேகமாக நடந்து, ஓரிடத்தில் நின்று கையைத் தூக்கினார். அவருக்கு நேர் பின்னால் கோயில் கோபுரம். இடது பக்கம் தண்ணீர்த் தொட்டியும் ஒரு பனைமரமும் ஒரே கோட்டில் வரும்வரை கொழுந்தனார் படகை நகர்த்தினார். வலை போட்ட இடத்தை இவர்கள் இப்படித்தான் கண்டுபிடிப்பார்களாம். நான் கருவி வைத்து அளப்பதை அவர் கண்ணாலேயே அளந்துவிட்டார். “இங்கதான் வாசப்படி” என்று சொல்லிவிட்டுக் குதித்தார்.

முதல் முறை வெறும் மணல். “இது கடல் மணல், வாணாம்” என்று அவரே கொட்டினார். இரண்டாம் முறை கிளிஞ்சல். மூன்றாம் முறை உள்ளே போனவர் வரவே இல்லை. விளிம்பைப் பிடித்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தேன். நாற்பதைத் தாண்டியதும் குனிந்து தண்ணீருக்குள் தேடினேன். சட்டென்று தலை தெரிந்தது. கை நிறைய மண்ணும், அதோடு உள்ளங்கை அகலத்தில் சிவப்பு சிமெண்ட் சில்லும்.

“எங்கண்ணன் லீவுல வந்தப்ப போட்ட தர சார் இது.”

நான் போட்ட கூச்சல் கரைக்கே கேட்டிருக்கும். அக்கா முழங்கால் தண்ணீரில் ஓடி வந்து அந்தச் சில்லை வாங்கி, முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு என் பைக்கிலேயே அவரும் வந்தார். வழியெல்லாம் “சீக்கிரம் போங்க சார்” என்று என் தோளைத் தட்டினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது லாரி நின்றிருந்தது, டிரம் சுற்றிக்கொண்டிருந்தது. டிரைவர் கத்தக் கத்த, அக்கா தானே குழிக்குள் இறங்கிக் கலயத்தை வைத்து, அதன் மேல் அந்தச் சிவப்புச் சில்லையும் வைத்தார்.

மேலே ஏறி வந்து, “வூடும் போச்சு, ஆளும் போனாருன்னு இருந்தேன். ரெண்டுக்கும் இப்ப ஒரு எடம் ஆயிடுச்சு” என்றார். அவர் அழவில்லை, நான்தான் அழுதேன்.

நினைவுச் சின்னத்தைத் திறந்தாகிவிட்டது. மாலையில் எல்லாரும் அந்த அடித்தளத்தின் மேல் எழுப்பிய மேடையில் ஏறிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள், அது எனக்கும் சந்தோஷம்தான். நான் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிறேன். அது ஒருவருடைய வீட்டுத் தரை.